முதலில் ஒரு பாட்டிலில் பிடித்துப் பார்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் கரையைக் கடந்தது. ஆறாவது நாள் நான் லீவில் வந்து சேர்ந்தேன். என் மாமனார் ஊர் பட்டுக்கோட்டைக்குத் தெற்கே இருக்கிறது. தோப்பில் ஒரு தென்னைகூட நேராக நிற்கவில்லை. கரண்ட் கம்பங்களும் அப்படித்தான் கிடந்தன. ஊருக்குக் குடிதண்ணீர் வேண்டுமென்றால் மேல்நிலைத் தொட்டியின் மோட்டாரை ஜெனரேட்டரில் ஓட்டியாக வேண்டும். வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போட்டு ஒரு ஜெனரேட்டரை வாடகைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அது பத்து நிமிஷம் ஓடும். பிறகு சத்தம் மாறும், மூச்சு வாங்குவதுபோல ஏறி இறங்கும், நின்றுவிடும். குடத்தோடு நின்றவர்கள் வரிசையை விட்டுப் போகவும் முடியாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

மெக்கானிக் பையன் ஃபில்டரை மாற்றிவிட்டான், ஏர் எடுத்துவிட்டான். நாசில் போயிருக்கும், வெளியூரிலிருந்துதான் வர வேண்டும் என்று சொன்னான். "தம்பி, காலி வாட்டர் பாட்டில் ஒண்ணு இருந்தா குடு" என்று கேட்டு வாங்கினேன். டேங்கின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி அரை பாட்டில் பிடித்தேன். கலங்கலாக வந்தது. அதை வெயிலில் ஒரு கல்லின் மேல் வைத்துவிட்டு, யாரும் ஆட்ட வேண்டாம் என்று சொல்லிக் காத்திருந்தோம். கொஞ்ச நேரத்தில் அடியில் இரண்டு விரற்கடைத் தண்ணீர் தெளிந்து நின்றது. அதற்கு மேல் பழுப்பாக ஒரு கோடு, கோட்டுக்கு மேல் டீசல். விசாரித்தால், டீசல் பேரல் புயல் ராத்திரி முழுக்க மூடி இல்லாமல் மழையில் நின்றிருக்கிறது.

டேங்கை முழுக்க வடித்தோம். பேரலை அசைக்காமல் மேல் பாதியை மட்டும் ஹோஸ் போட்டு எடுத்தோம். ஒருவர் வேட்டித் துணியில் வடிகட்டலாம் என்றார். துணி தூசியைப் பிடிக்கும், தண்ணீரைப் பிடிக்காது. தண்ணீரைப் பிரிக்க நேரம்தான் வேண்டும்: அசையாமல் வைத்தால் அது தானாகக் கீழே இறங்கும். அன்று சாயங்காலம் தொட்டி நிறைந்தது.

"இதெல்லாம் பிளேன்லயும் பாப்பாங்களா சார்?" என்று அந்தப் பையன் கேட்டான். நான் முப்பது வருஷத்துக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்தவன். அதில் பெரும்பகுதி எரிபொருள் டேங்குகளோடும் குழாய்களோடும் கழிந்தது. அன்று நான் செய்தது, விமானத்தடியில் விடியற்காலையில் செய்கிற வேலைதான். அவனிடம் நின்றபடி சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். டெல்டாவில் ஆயில் என்ஜினோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே தெரிந்ததுதான்.

விமானத்தின் டேங்குக்குள் தண்ணீர் எப்படி வரும்? பொதுவாக மூன்று வழிகள் இருக்கின்றன. நிரப்புகிற எண்ணெயோடு வருவது ஒன்று. அதைத் தடுக்கத்தான் சேமிப்புக் கிடங்கு, பவுசர் என்கிற எண்ணெய் லாரி எல்லாவற்றிலும் வடிகட்டிகள் இருக்கின்றன. இரண்டாவது, எண்ணெய்க்குள்ளேயே கரைந்திருக்கிற தண்ணீர். ஜெட் ஏ-1 என்பது நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய். அது சூடாக இருக்கும்போது கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்து வைத்துக்கொள்ளும். சித்திரை வெயிலில் நிரப்பிய எண்ணெய் 35,000 அடி உயரத்தில், மைனஸ் 50 டிகிரிக் குளிரில் பறக்கும்போது, கரைந்திருந்த தண்ணீரை வெளியே தள்ளிவிடும். எண்ணெய் வெளிக்காற்றின் அளவுக்குக் குளிர்வதில்லை, உறைவதும் இல்லை. ஜெட் ஏ-1 மைனஸ் 47 டிகிரி வரை உறையக் கூடாது என்பது விதி. ஆனால் பிரிந்த தண்ணீர் உறைந்துவிடும்.

மூன்றாவது வழிதான் நம் பக்கத்தில் அதிகம். டேங்கில் எண்ணெய் குறையக் குறையக் காற்று உள்ளே வர வேண்டும், இல்லாவிட்டால் டேங்க் நசுங்கிவிடும். அதற்காக இறக்கை நுனிக்கு அருகில் காற்றுத் துளை இருக்கிறது. விமானம் இறங்கும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஏற ஏற, அந்தத் துளை வழியாகக் காற்று உள்ளே போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ திருச்சியிலோ இறங்கினால் உள்ளே போவது பிழிந்தால் சொட்டுகிற ஈரக்காற்று. டேங்கின் சுவரோ மேலே இருந்த குளிரோடு இருக்கிறது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சொம்பு வியர்ப்பதுபோல உள்ளே வியர்த்து, சொட்டுச் சொட்டாக அடியில் சேரும். வெளியேயும் அப்படித்தான். வேலைக்குப் புதிதாக வருகிற பையன்கள் இறக்கைக்கு அடியில் நடக்கும்போது தலையில் சொட்டு விழுந்தால் எண்ணெய் கசிகிறது என்று ஓடி வருவார்கள். தொட்டுப் பார்த்தால் வெறும் தண்ணீர்.

தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது என்பதால் டேங்கின் மிகத் தாழ்ந்த இடத்தில் போய்த் தங்கும். அங்கே ஒரு வடிகால் வால்வு இருக்கிறது. கம்பி போன்ற கருவியால் மேல்நோக்கி அழுத்தினால் திறக்கும், எடுத்தால் மூடிக்கொள்ளும். கண்ணாடி ஜாடியில் பிடித்து, சுழற்றி, வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஒழுங்கு: நிரப்பிய உடனே பிடித்தால் பிரயோஜனம் இல்லை. தண்ணீர் இறங்க நேரம் கொடுக்க வேண்டும். அதனால்தான் ராத்திரி முழுக்க நின்ற விமானத்தில், யாரும் அதை அசைப்பதற்கு முன்னால், காலையில் முதல் வேலையாகப் பிடிக்கிறோம்.

இந்த ஜாடி விஷயத்தில் நான் செய்த தப்பை இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. சின்ன நிறுவனம், டர்போப்ராப் என்கிற காற்றாடி வைத்த இரட்டை என்ஜின் விமானம். அடைமழையில் நான்கு நாள் வெளியில் நின்றிருந்தது. ஐந்தாம் நாள் காலை நாலரை மணிக்கு டார்ச்சும் ஜாடியுமாகப் போனேன். வால்வை அழுத்தினேன், ஜாடி நிறைந்தது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். கோடு இல்லை, தூசி இல்லை, கலங்கல் இல்லை. பளிங்குபோல இருந்தது. "க்ளியர்ண்ணே" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடப் போனேன்.

என்னோடு இருந்த மூத்தவர் மன்னார்குடிக்காரர். ஜாடியை வாங்கினார். மோந்து பார்க்கவில்லை. எங்கள் கையும் சட்டையும் எப்போதும் எண்ணெய் வாசனைதான், மூக்கை நம்ப முடியாது. தன் வாட்டர் பாட்டிலைத் திறந்து, மூடியிலிருந்து ஒரே ஒரு சொட்டுத் தண்ணீரை ஜாடிக்குள் விட்டார். எண்ணெயாக இருந்தால் அந்தச் சொட்டு முத்துபோல உருண்டு அடியில் போய் உட்காரும். உட்காரவில்லை. விழுந்த இடத்திலேயே காணாமல் போய்விட்டது.

"தம்பி, இது முழுக்கத் தண்ணி."

அடுத்தடுத்துப் பிடித்தோம். ஒன்பதாவது ஜாடியில்தான் முதல் கோடு தெரிந்தது. இறக்கையின் மேல்பக்கம் எண்ணெய் ஊற்றுகிற மூடியின் ரப்பர் வளையம் வெடித்திருந்தது, நான்கு நாள் மழை அதன் வழியாக இறங்கியிருக்கிறது. தண்ணீருக்கும் எண்ணெய்க்கும் நடுவில் கோடு தெரிய வேண்டுமென்றால் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் இருந்தால் கோடு தெரியாது. ஜெட் எண்ணெயும் தண்ணீரும் டார்ச் வெளிச்சத்தில் ஒரே நிறம். அன்றிலிருந்து கோடு இல்லாத ஜாடியைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். இப்போது பெரிய நிலையங்களில் சிரிஞ்சில் மாட்டுகிற சிறு வில்லை இருக்கிறது. எண்ணெயை அதன் வழியாக இழுத்தால், தண்ணீர் இருக்கும்போது மஞ்சள் நிறம் பச்சையாக மாறும். நல்ல கருவி. அது கையில் இல்லாதவர்களுக்கு அந்த ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். டீசலுக்கும் அதே சோதனைதான்.

அடியில் தேங்கிய தண்ணீரை எடுக்காமல் விட்டால் இரண்டு கெடுதல் வரும். ஒன்று, பனிக்கட்டி. 2008 ஜனவரி 17 அன்று பெய்ஜிங்கிலிருந்து லண்டன் வந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் போயிங் 777, ஹீத்ரோவில் ஓடுபாதைக்குக் கொஞ்சம் முன்னாலேயே தரையைத் தொட்டது. கடைசி நிமிஷத்தில் இரண்டு என்ஜின்களும் கேட்ட விசையைக் கொடுக்கவில்லை. 152 பேரும் உயிர் தப்பினார்கள். என்ஜின் ஆயிலின் சூட்டை எரிபொருளுக்கு மாற்றிவிடுகிற ஒரு கருவி உண்டு. அதில் ஆயில் குளிர்கிறது, எரிபொருள் சூடாகிறது, இரண்டுக்கும் லாபம். நீண்ட குளிர்ப் பயணத்தில் குழாய்ச் சுவரில் ஒட்டியிருந்த பனி, இறங்கும் நேரத்தில் மொத்தமாகப் பெயர்ந்து வந்து அந்தக் கருவியின் முகப்பை அடைத்துவிட்டது. அந்த எரிபொருளில் இருந்த தண்ணீர் வரம்புக்குள்தான் இருந்தது. அதுவே இப்படிச் செய்யும் என்றால், தேங்கிய தண்ணீரை விட்டுவைக்கலாமா? பிறகு அந்தக் கருவியின் முகப்பையே மாற்றி அமைத்தார்கள்.

இன்னொரு கெடுதல், பூஞ்சை. எண்ணெயும் தண்ணீரும் சந்திக்கிற கோட்டில் சில நுண்ணுயிர்கள் வளரும். தண்ணீரில் குடியிருந்துகொண்டு எண்ணெயைச் சாப்பிடும். வெயிலும் ஈரமும் உள்ள நம் ஊர் அவற்றுக்குச் சொர்க்கம். டேங்கைத் திறந்தால் கறுப்பும் பழுப்புமாக, குளத்துப் பாசியைக் கையில் எடுத்ததுபோல வழுவழுவென்று வரும். அது வடிகட்டியை அடைக்கும், அது விடுகிற அமிலம் அலுமினியத்தை அரிக்கும், அளவு காட்டும் கருவிகளில் படிந்து பொய்க் கணக்குச் சொல்லவைக்கும். அதைக் கொல்ல மருந்து உண்டு. மருந்தின் அளவு முக்கியம். 2020 பிப்ரவரியில் லண்டன் கேட்விக்கிலிருந்து கிளம்பிய ஒரு ஏர்பஸ் ஏ321-இல் இரண்டு என்ஜின்களும் தகராறு செய்தன, உடனே திரும்பி இறங்கினார்கள். பராமரிப்பில் மருந்தைச் சொன்ன அளவைப்போல 38 மடங்கு போட்டிருந்தது விசாரணையில் தெரிந்தது. பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்ற கணக்கில் வந்த குழப்பம். 100 பங்கு என்றால் பத்தாயிரம் லிட்டருக்கு ஒரு லிட்டர், அவ்வளவுதான். நெல்லுக்குப் பூச்சிமருந்து கலக்கும்போது டேங்குக்கு இத்தனை மில்லி என்று டப்பாவைத் திருப்பிப் பார்ப்போமே, அந்தக் கவனம் இங்கேயும் வேண்டும். கணக்குப் போட்டவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர் என்று இருக்க வேண்டும்.

சரி, எண்ணெய் எங்கே இருக்கிறது, எப்படி என்ஜினுக்குப் போகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயணிகள் விமானத்தில் தனியாக ஒரு டப்பா வைத்து அதில் ஊற்றுவதில்லை. இறக்கையின் உள்கூடே டேங்க். தகடும் தகடும் சேரும் இடங்களைச் சீலண்ட் பூசி அடைத்து, அந்தக் கூட்டுக்குள் நேராக எண்ணெயை நிரப்புகிறார்கள். இரண்டு இறக்கைகளுக்கும் நடுவே, உடம்புக்குள் ஒரு நடு டேங்க். ஏர்பஸ் ஏ320 வகையில் எல்லாம் சேர்ந்து சுமார் 24,000 லிட்டர் பிடிக்கும். பறக்கும்போது பொதுவாக நடு டேங்கைத்தான் முதலில் காலி செய்வார்கள். காற்று இறக்கையை மேலே தூக்கி வளைக்கப் பார்க்கும், இறக்கைக்குள் இருக்கிற எண்ணெயின் கனம் அதைக் கீழே அழுத்திப் பிடிக்கும். புயல் வருகிறதென்றால் கூரைமேல் மணல்மூட்டை வைக்கிறோம் இல்லையா, அதே காரணம்.

டேங்குக்குள் மின்சார பம்புகள் எண்ணெயில் முழுகியபடி இருக்கும். அந்த எண்ணெய்தான் அவற்றுக்குக் குளிர்ச்சியும் வழவழப்பும் தருகிறது. ஒவ்வொரு டேங்குக்கும் இரண்டு பம்பு, ஒன்று நின்றாலும் மற்றது தள்ளும். இரண்டும் நின்றால்? என்ஜினில் இருக்கிற பம்பு, டேங்கிலிருந்து தானே உறிஞ்சிக்கொள்ளும். இந்த உறிஞ்சல் விஷயத்தில்தான் எங்கள் அப்பாவின் ஆயில் என்ஜின் எனக்குப் பாடம் சொல்லித்தந்தது.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் எங்களுக்குப் பத்து மா நிலம். மேட்டூரில் ஜூன் 12-ஆம் தேதி தண்ணீர் திறக்காத வருஷங்களில் குறுவைக்கு ஃபில்டர் பாயிண்ட் என்கிற குழாய்க் கிணறுதான் கதி. என்ஜின் ஓடும், பம்பு சுற்றும், தண்ணீர் மட்டும் வராது. சக்‌ஷன் குழாயின் எந்த இணைப்பிலும் ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. சின்ன வயதில் எனக்கு அது புரியவே இல்லை. "ஒழுவாதுடா, அது உள்ள இழுக்குது" என்பார் அப்பா. தள்ளுகிற குழாயில் ஓட்டை இருந்தால் தண்ணீர் வெளியே வரும். உறிஞ்சுகிற குழாயில் ஓட்டை இருந்தால் காற்று உள்ளே போகும், வெளியே அடையாளமே இருக்காது. இணைப்பைச் சுற்றிச் சாணியை அப்புவார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொட்டும்.

விமானத்தின் எரிபொருள் குழாயில் சில இணைப்புகள் டேங்குக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே ஒரு நட்டு லேசாகத் தளர்ந்திருந்தால், பம்பு தள்ளும்போது கசிகிற எண்ணெய் டேங்குக்குள்ளேயே விழுந்துவிடும், யாருக்கும் தெரியாது. பம்பு நின்று, என்ஜின் உறிஞ்சத் தொடங்குகிற நேரத்தில், டேங்கில் எண்ணெய் மட்டம் அந்த இணைப்புக்குக் கீழே இருந்தால், காற்றுதான் உள்ளே போகும். அதனால் டேங்க் பம்புகளை நிறுத்திவிட்டு என்ஜின் தானே உறிஞ்சி ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனை ஒன்று உண்டு. என்னிடம் வேலை கற்ற பையன்களில் பலர் "எங்கயும் லீக் இல்லையே சார், எதுக்கு இந்த டெஸ்ட்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு அப்பாவின் சாணிக் கதையைத்தான் சொல்லுவேன். பம்ப்செட்டிலோ டிராக்டரிலோ அடிக்கடி ஏர் பிடிக்கிறதென்றால், ஒழுகல் எங்கே என்று தேடாதீர்கள். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் உள்ள ஹோஸையும் வாஷரையும் பாருங்கள்.

அடுத்தது அளவு. எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட, டேங்குக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள் கொண்ட உணர்கருவிகள் நிற்கும். அவற்றுக்கு இடையில் எண்ணெய் இருந்தால் மின் தேக்கும் திறன் ஒரு அளவு, காற்று இருந்தால் அதில் சுமார் பாதி. அதை வைத்து மட்டத்தைக் கணக்கிடும். தண்ணீருக்கு அந்தக் குணம் காற்றைப்போலச் சுமார் 80 மடங்கு. அடியில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்தாலும் காட்டி குளறுபடியாகிவிடும். காட்டி தாறுமாறாக ஆடினால் நான் முதலில் வடிகாலைத்தான் திறப்பேன்.

விமானத்துக்கு எத்தனை கிலோ என்பதுதான் கணக்கு, பவுசர் மீட்டரோ லிட்டரில் காட்டும். டெல்டாவில் இதை விளக்குவது சுலபம். நம் பாட்டன்கள் நெல்லை மரக்காலில் அளந்தார்கள், பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம். இன்று கொள்முதல் நிலையத்தில் எடை போடுகிறார்கள், அதிலும் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போனால் பேச்சு மாறும். ஒரே கலம் ஈர நெல்லும் காய்ந்த நெல்லும் ஒரே எடை இல்லை. அதுபோல எண்ணெயும் வெயிலில் விரியும். 15 டிகிரியில் லிட்டருக்கு 0.800 கிலோ இருப்பது, 35 டிகிரியில் 0.786 பக்கம் வந்துவிடும். வந்து நின்ற விமானத்தில் 3,200 கிலோ இருக்கிறது, 9,000 கிலோ வேண்டும் என்றால், 5,800 கிலோ ஏற்ற வேண்டும். லிட்டருக்கு 0.786 என்றால் சுமார் 7,380 லிட்டர். பவுசர் மீட்டரும் விமானத்தின் காட்டியும் இந்தக் கணக்கில் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் வரம்பைத் தாண்டினால் விமானம் கிளம்பாது, கேப்டன் எவ்வளவு அவசரப்பட்டாலும்.

அந்தப் பெருக்கலில் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு 1983 ஜூலை 23-ஐத் தாண்டி உதாரணம் வேண்டாம். ஏர் கனடாவின் போயிங் 767. அளவு காட்டி வேலை செய்யவில்லை, குச்சி வைத்து அளந்தார்கள்: டேங்கில் 7,682 லிட்டர். தேவை 22,300 கிலோ. லிட்டரைக் கிலோ ஆக்க 0.8-ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் 1.77-ஆல் பெருக்கினார்கள். அது லிட்டரைப் பவுண்டாக்குகிற எண். 13,597 என்று விடை வந்தது, அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு மீதிக்கு 4,916 லிட்டர் மட்டும் ஏற்றினார்கள். உண்மையில் இருந்தது பத்தாயிரம் கிலோவைக் கொஞ்சம் தாண்டி. 41,000 அடி உயரத்தில் பறந்தபோது எச்சரிக்கை வந்தது, கொஞ்ச நேரத்தில் இரண்டு என்ஜின்களும் அடுத்தடுத்து நின்றன. விமானி அதை மிதக்கவிட்டே கொண்டுவந்து கிம்லி என்ற ஊரில் பழைய விமானப்படை ஓடுபாதையில் இறக்கினார். 69 பேரும் பிழைத்தார்கள். கணக்கை ஒருவர் மட்டும் போடவில்லை, பலர் பார்த்தார்கள். எல்லோரும் அதே 1.77-ஐ வைத்தே பார்த்தார்கள். சரிபார்ப்பது என்றால் விடையை மட்டும் பார்க்காமல், எந்த எண்ணால் பெருக்கினோம் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கசிவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. இறக்கையின் அடியில் ஈரம் தெரிந்தால் உடனே பதறக் கூடாது, விட்டுவிடவும் கூடாது. சுத்தமாகத் துடைத்து, நிறமேற்றிய டால்க் பவுடரைத் தூவி, குறித்த நேரம் காத்திருந்து, ஈரம் எத்தனை அங்குலம் பரவுகிறது என்று அளப்போம். கறை, கசிவு, கனத்த கசிவு, ஒழுகல் என்று நான்கு வகை. எந்த இடத்தில் எந்த வகை என்பதைப் பொறுத்து, கண்காணித்தால் போதுமா உடனே நிறுத்த வேண்டுமா என்று கையேடு சொல்லும். கசிவு தெரிகிற இடமும் அது கிளம்பிய இடமும் வேறாக இருக்கும். எண்ணெய் ஒரு விளிம்போடு ஓடிப் பத்தடி தள்ளி வெளியே வரும். தெரிகிற இடத்தில் சீலண்டை அப்புவது வீண்வேலை.

2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக் கடல்மேல் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ330 ஒன்று எரிபொருளை முழுக்க இழந்தது. என்ஜின் மாற்றியபோது ஒரு ஹைட்ராலிக் குழாய் அந்த என்ஜினுக்குப் பொருந்தாத வகை. பக்கத்து எரிபொருள் குழாயோடு உரசி உரசி அதில் வெடிப்பு விழுந்தது. நடுவானில் இரண்டு பக்க எண்ணெயும் சமமாக இல்லை என்று காட்டியபோது, பக்கத்து டேங்கிலிருந்து எண்ணெய் கொடுக்கும் கிராஸ்ஃபீட் வால்வைத் திறந்தார்கள். நல்ல பக்கத்து எண்ணெயும் அந்த வெடிப்பு வழியே போய்விட்டது. அசோர்ஸ் தீவுகளில் ஒன்றில் மிதந்தபடியே வந்து இறங்கினார்கள், 306 பேரும் உயிரோடு. இதில் பராமரிப்பாளனாக நான் எடுத்துக்கொண்டது: இரண்டு குழாய்களுக்கு நடுவே என் சுண்டுவிரல் போகவில்லையென்றால், கையேட்டில் இடைவெளி எவ்வளவு என்று பார்க்காமல் மூடுதட்டைப் போட மாட்டேன். அவசரத்துக்கு மாட்டியது உரசிக்கொண்டே இருக்கும்.

சில பழுதுகளுக்கு டேங்குக்குள் போயே ஆக வேண்டும். இறக்கையின் அடியில் நீள்வட்டமாக ஒரு துளை. தோளை ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்த்துத்தான் நுழைய முடியும். உள்ளே குறுக்குத் தகடுகள், இருட்டு, முதுகு படுகிற இடமெல்லாம் போல்ட். போவதற்கு முன்னால் எண்ணெயை எடுத்து, மிச்சத்தை வடித்து, எல்லா மூடிகளையும் திறந்து மணிக்கணக்கில் காற்றை ஊதிவிடுவோம். மீட்டர் வைத்து அளப்போம். ஆக்ஸிஜன் 19.5-க்கும் 23.5 சதவீதத்துக்கும் நடுவில் இருக்க வேண்டும், எரியும் ஆவி தீப்பிடிக்கும் குறைந்தபட்ச அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். பருத்தி உடை, தீப்பொறி வராத விளக்கு, போன் கிடையாது. வெளியே ஒருவர் கண்டிப்பாக நிற்க வேண்டும். அவர் வேலை செய்யக் கூடாது, பேசிக்கொண்டே இருக்க வேண்டும், பதில் வரவில்லையென்றால் ஆளைக் கூப்பிட வேண்டும், தானே உள்ளே குதிக்கக் கூடாது. உள்ளே கொண்டுபோன துணி, ஸ்பேனர், விளக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்து, வெளியே வந்ததும் எண்ணுவோம். ஒருமுறை எட்டுத் துணி போய் ஏழு வந்தது. மூன்று மணி நேரம் தேடி, பம்பின் வலைக்குப் பக்கத்தில் எடுத்தோம். விடிந்தால் அந்த விமானம் பறந்திருக்கும்.

காலி டேங்க் பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். நிறைந்த டேங்கில் எண்ணெய்தான் இருக்கும், காலி டேங்கில் ஆவியும் காற்றும் கலந்து இருக்கும். 1996 ஜூலை 17 அன்று நியூயார்க்கிலிருந்து கிளம்பிய டிடபிள்யூஏ நிறுவனத்தின் போயிங் 747 வெடித்து 230 பேர் இறந்தார்கள். வெடிப்பு தொடங்கியது கிட்டத்தட்டக் காலியாக இருந்த நடு டேங்கில்தான். அதற்கு அடியில் இருந்த ஏசி எந்திரங்களின் சூட்டில் ஆவி நிறைந்திருந்தது. இப்போதைய விமானங்களில் அந்த வெற்றிடத்துக்குள் நைட்ரஜன் மிகுந்த காற்றை விடுகிறார்கள். நம் ஊர் வெல்டிங் பட்டறைகளில் பழைய டீசல் பேரலை வெட்டவும் ஒட்டவும் கொண்டுவருகிறார்களே, அது எனக்கு ஒவ்வொரு முறையும் வயிற்றைக் கலக்குகிறது. கழுவிவிட்டோம், காயவைத்துவிட்டோம் என்பதெல்லாம் போதாது. தெரிந்தவர்கள் ஒட்டுகிற இடம் மட்டும் வெளியே தெரியும்படி பேரல் நிறையத் தண்ணீர் விட்டுவிட்டுத்தான் நெருப்பை வைப்பார்கள். அதையும் செய்ய முடியாதென்றால் புதுப் பேரலை வாங்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, என்ஜின் குழிகள். உறிஞ்சுகிற பம்பு நடைமுறையில் இருபது, இருபத்திரண்டு அடிக்கு மேல் இழுக்காது. நிலத்தடி நீர் இறங்க இறங்க, குழி தோண்டிப் பம்பை உள்ளே இறக்கி வைத்தார்கள். எங்கள் வயலிலும் அப்பா வைத்தார். மூடிக்கிடந்த குழியிலும் கிணற்றிலும் இறங்கி மயங்கியவரைக் காப்பாற்ற இன்னொருவர் இறங்கி, இருவருமே போன செய்தி நம் பக்கத்தில் வருஷம் தவறாமல் வருகிறது. பலரும் விளக்கை ஏற்றிக் கயிற்றில் இறக்கிப் பார்க்கிறார்கள். விளக்கு அணைந்தால் ஆபத்து என்று தெரியும். ஆனால் அணையாவிட்டால் ஆபத்து இல்லை என்று அர்த்தம் இல்லை. என்ஜின் புகையில் இருக்கிற கார்பன் மோனாக்சைடு விளக்கை அணைக்காது, ஆளைச் சாய்த்துவிடும். எரிகிற வாயு உள்ளே இருந்தால் அந்த விளக்கே வெடியாகிவிடும்.

ஓய்வு பெற்று வந்ததும் நான் செய்த முதல் வேலை, எங்கள் குழிமேல் இரும்புச் சட்டம் போட்டுப் பூட்டியது. சாவி என்னிடம் இருக்கிறது. உள்ளே போக வேண்டியவர் வந்து கேட்பார். ஒரு ஊதுகுழல் விசிறியும் நீளமான பிளாஸ்டிக் குழாயும் வாங்கி வைத்திருக்கிறேன். குழாயை அடிவரை இறக்கி அரைமணி நேரம் காற்றை விடுவோம், பிறகு கயிற்றில் கட்டி மீட்டரை இறக்குவோம். இடுப்பில் கயிறு இல்லாமல் யாரும் இறங்குவதில்லை. மேலே நான் நிற்பேன், "என்ன தம்பி, என்ன பண்றே" என்று அவர் மேலே வருகிறவரை கேட்டுக்கொண்டே.